மூஞ்சிக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று

கண்ணாடியில் தெரிந்த மூக்கும் முழியும் கயல்விழியுடையவைதான். நிறம்தான் வேறு யாருடையதோ.

கஸ்தூரி மஞ்சள் கறை பிடிக்காது. அதற்காகவே ஈரோட்டுத் தோழி ஒருத்தியிடம் சொல்லி வரவழைத்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசிவிட்டு மறந்து போன டப்பாவை இன்று எடுத்து, ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே மறுகையால் பூசிக் கழுவினாள். நெற்றியிலிருந்து தாடை வரை, மாரியம்மன் நோம்பி மஞ்சள் நீராட்டில் மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

அப்படியென்றால் இது சமையல் மஞ்சள். அப்படியென்றால் அம்மா காலையில் பையில் போட்டுக்கொண்டு போன டப்பா?



இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. வாங்கி வைத்த அன்றே கயல் தன் அம்மா ராசம்மாளுக்கு வகுப்பு எடுத்திருந்தாள். வீட்டில் முதல் டிகிரி அவளுடையது, அதுவும் கெமிஸ்ட்ரி. "இது மூஞ்சிக்கு, அது கொழம்புக்கு. இதக் கொழம்புல போட்டா கசக்கும், கற்பூரம் மாதிரி நாறும். அத மூஞ்சில போட்டா மஞ்சளா ஒட்டிக்கும்."

"மூஞ்சி நல்லாயிருமா கண்ணு?" என்று ராசம்மாள் கேட்டாள்.

"ஆகும். உனக்கெதுக்கு அதெல்லாம்? மாத்தி எடுத்துராம இரு, போதும்."

இன்றைக்குப் பார்த்து மாற்றி எடுத்துப் போயிருக்கிறாள். சிங்காநல்லூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். அதை நடத்தும் ஃபர்சானா, ஒரு வேளை சமைத்துக் காட்டச் சொல்லியிருந்தார். பிடித்தால் வேலை. வேலை கிடைத்தால் ராசம்மாள் மில்லுக்கு முழுக்குப் போடலாம். பஞ்சுத் தூசியில் அவள் இருமும் இருமலைக் கேட்டுக்கேட்டு கயலுக்கு ஊரில் எல்லோர் மேலும் கோபம் இருந்தது. அதில் ஒரு பங்கு அம்மாவுக்கும் உண்டு.

போன் போட்டாள். காய் நறுக்கக் கூடப் போயிருந்த பக்கத்து வீட்டுப் பாப்பாயி எடுத்தாள்.

"அக்கா, அம்மா எந்த டப்பாவுல இருந்து மஞ்சள் போட்டாங்கன்னு கேளுங்க."

பாப்பாயி கேட்டாள்.  பிறகு தூரத்திலிருந்து ராசம்மாளின் குரல்: "டப்பாவப் பத்தி இப்ப என்னத்துக்கு? ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம்னு சொல்லு."

தப்புப் பண்ணியவள் பேசுகிற பேச்சு. கயலுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

இந்த முகத்தோடு போக முடியாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் சிவப்பானது. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று மூன்று வருடம் லேபில் எழுதியவள் அவள்தான். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். சிவப்பு மறுபடி மஞ்சளானது. இதையும் படித்திருக்கிறாள். தேங்காய் எண்ணெய் வைத்தாள். அதுவரை முகத்தோடு நின்ற மஞ்சள், கழுத்துக்கும் காதுக்கும் இறங்கியது. துப்பட்டாவால் கண் மட்டும் தெரியக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

ஹாஸ்டல் அடுப்படியில் தட்டைப்பயறு கத்திரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ராசம்மாள் பக்கத்தில் நின்று கிண்டினாள். கயல் குனிந்து மோந்தாள். அவளுக்குக் கற்பூர வாசம் குப்பென்று அடித்தது.

கரண்டியில் எடுத்து நக்கினாள். கசப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தவளுக்கு நாக்கு சொல்வது காதில் விழாது. ஒரு அச்சு வெல்லத்தை உள்ளே போட்டாள். இனித்தது. புளியைக் கரைத்து ஊற்றினாள். பல் கூசியது. உப்பு. பிறகு மிளகாய்ப்பொடி. பிறகு, எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஒரு செம்புத் தண்ணீர்.

"என்ன அம்மணி பண்றே?" என்றாள் ராசம்மாள்.

"உன்னையக் காப்பாத்தறேன்." துப்பட்டாவை விலக்கி முகத்தைக் காட்டினாள். "இதப் பாரு."

ராசம்மாள் பார்த்தாள்.  அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கத்திரிக்காய்க் காம்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பாப்பாயி தண்ணீர்க் குடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பந்தி நேரத்தில் ஃபர்சானா வந்து ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய் எடுக்கவில்லை.

கயலே முந்திக்கொண்டாள். அம்மா மேல் தப்பில்லை, பூசுகிற மஞ்சளும் சமையல் மஞ்சளும் ஒரே மாதிரி டப்பாவில் வாங்கி வைத்தது தன் தப்பு, இன்னொரு நாள் சமைக்க விட வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். கெஞ்சிப் பழக்கமில்லாததால் அது மிரட்டுவது போல இருந்தது.

ஃபர்சானா மரியாதைக்காக அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மஞ்சள் ஒண்ணும் மாறலீங்க. இறக்கறதுக்கு முன்னால நானே ஊத்திக் குடிச்சுப் பாத்தேன். அப்பவே வேலை உங்கம்மாவுக்குன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க வந்தப்பறம் ஆனதுதான் இது." ராசம்மாள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமையிலிருந்து வாங்க. புள்ளைய மட்டும் அடுப்படிக்குள்ள உட வேண்டாங்க."

அவர் போன பிறகும் கயல் அங்கேயே நின்றாள். குழம்பில் போட்டது சமையல் மஞ்சள். முகத்தில் இருப்பதும் சமையல் மஞ்சள். இரண்டு டப்பாவிலும் சமையல் மஞ்சள் என்றால்?

"அப்ப என் கஸ்தூரி மஞ்சள் எங்கதான் போச்சு?"

ராசம்மாள் காம்பு பொறுக்குவதை நிறுத்தவில்லை. பாப்பாயிதான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கியும் போகலீங்க கண்ணு, இத்தன நாளா உங்கம்மா மூஞ்சிலதான் இருக்குது, தீந்த டப்பாவுல கொழம்பு மஞ்சளக் கொட்டி வெச்சா, படிச்ச புள்ளைக்கு வித்தியாசமா தெரியப்போகுதுன்னாங்க."