ஏழாம் வகுப்பில் ஒரு காதுகுத்து

ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் முதல் வருடத்தில் ஒரு நோய் வரும். தனக்கு முன்னால் இந்த உலகத்தில் யாரும் உருப்படியாகப் பாடம் நடத்தியதே இல்லை என்று தோன்றும். பெரும்பாலானவர்களுக்குக் காலாண்டு விடைத்தாளைத் திருத்தும்போது அது தானாக இறங்கிவிடும். எனக்கு இறங்கவில்லை. அதை இறக்குவதற்கு ஒரு டிராக்டர், ஒரு மேள செட், ஓர் ஆடு, திருமுக்கூடலிலிருந்து ஒரு தாய்மாமன் எல்லாம் வரவேண்டியிருந்தது.

உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளி. நான் காஞ்சிபுரம் டவுன்காரி. தினம் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே இந்த ஊரைத் திருத்த வந்தவள் மாதிரிதான் இறங்குவேன். (கைப்பை, குடை, டிபன் கேரியர், தலைக்கனம். நாலையும் சுமந்துகொண்டு எப்படித்தான் நடந்தேனோ!) ஏழாம் வகுப்புத் தமிழ் என் பொறுப்பு. வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார், யாராவது ஒரு மாதிரி வகுப்பு எடுக்கவேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னதும், மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வருகைப் பதிவேட்டைப் படிக்க ஆரம்பித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். தேவையா எனக்கு?

எடுக்கவேண்டிய பாடம் ஒரு சிறுகதை. குடும்பமும் பண்பாடும் பற்றியது. கதையில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் கோபித்துக்கொண்டு வரவில்லை. அவர் மடியில் உட்காராமல் காது குத்தக்கூடாது என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் அவர் சீரோடு வந்துவிடுகிறார். சுபம். வேறு ஆசிரியராக இருந்தால் வாசித்துக் காட்டி, கேள்வி பதில் எழுதிப் போட்டுவிட்டுப் போயிருப்பார். நான் நாடகமாகப் போட முடிவு செய்தேன்.

தாய்மாமன் வேஷத்துக்குத் தருண். குரல் கணீரென்று இருக்கும். மனப்பாடம் என்றால் புலி. காது குத்திக்கொள்ளும் பெண்ணாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் தோடு போட்டவர்கள். அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு வாசலில் ரித்திகாவைப் பார்த்தேன். ஆறு வயது. காதில் ஓட்டையே இல்லை. ஆகா, இயற்கையே எனக்காகப் படைத்து அனுப்பியிருக்கிறது என்று குதித்தேன். ஆறு வயதாகியும் ஏன் குத்தவில்லை என்று ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஊரே சொல்லியிருக்கும். ரித்திகாவின் அப்பா முனுசாமி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது வைத்த ஃப்ளெக்ஸில் கட்சிக்காரர் படம் இருந்தது, மேஸ்திரி படம் இருந்தது, எதிர்வீட்டுக் குழந்தையின் படம்கூட இருந்தது. மச்சான் ஏழுமலையின் படம் இல்லை. அவர் அப்படியே டிராக்டரைத் திருப்பிக்கொண்டு திருமுக்கூடலுக்குப் போனவர்தான். "அவன் வந்து கூப்புடட்டும்" என்று ஏழுமலை. "அவரா வரட்டும்" என்று முனுசாமி. நடுவில் மாட்டிக்கொண்டது ரித்திகாவின் காது. குலதெய்வத்துக்கு மொட்டை போட்டாயிற்று, காது மட்டும் பாக்கி. அவள் அம்மா செல்வி அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவே அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தார். இது எதுவும் தெரியாமல் நான் பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த செல்வியை நிறுத்தி, பாப்பாவை நாடகத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

செல்வி பால்கேனைக் கீழே வைத்தார். "இன்னா டீச்சர் நாடகம்?"

சொன்னேன். பால்கேன் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். பிறகு, "கூட்டிக்கினு போங்க" என்றார். பெற்றோர் ஒத்துழைப்பு என்றால் இதுவல்லவா என்று பூரித்துப்போனேன்.

அத்தோடு விட்டேனா? கூட்டம் சேர்க்கவேண்டும் என்று ஒரு வீடியோ எடுத்தேன். நாடகம் என்று சொன்னால் யார் வருவார்கள்? அதனால் அந்த வார்த்தையையே எடுத்துவிட்டேன். (விளம்பர மூளை! இந்த மூளைக்குச் சென்னையில் பெரிய சம்பளம் கிடைத்திருக்கும்.) ரித்திகா பட்டுப்பாவாடையில் நின்று, "புதங்கிழமை எனக்குக் காதுகுத்து, எல்லாரும் வந்துடுங்க" என்கிறாள். பக்கத்தில் மை மீசையோடு தருண், "தாய்மாமன் நான் இருக்கேன், வாங்க!" என்று தொடையைத் தட்டுகிறான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். செல்வி உடனே போன் செய்தார்.

"டீச்சர், இத சொந்தக்காரங்களுக்கும் அனுப்பலாமா?"

"தாராளமா அனுப்புங்க!" என்றேன்.

புதன்கிழமை. ஆண்டு விழாவுக்குக்கூட வராத கூட்டம். பாதிப் பேர் மொய்க் கவரோடு வந்திருந்தார்கள். "சாப்பாடு எங்க போடறாங்க?" என்று ஒருவர் தலைமையாசிரியரையே கேட்டார். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முனுசாமி பின் வரிசையில் சுவரோரமாக நின்றிருந்தார். அவருக்கு அது நாடகம் என்று தெரியும். அலுவலர் முன் வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில், நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டிய 'குடும்பமும் பண்பாடும்' சார்ட் பளபளத்தது.

நாடகம் தொடங்கியது. பிள்ளைகள் பின்னி எடுத்தார்கள். தருண் துண்டைத் தலையில் கட்டி, ரித்திகாவை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டான். "எது நடந்தாலும் வசனத்தை விடாதே" என்று அவனுக்கு ஆயிரம் தடவை சொல்லி வைத்திருந்தேன். சரியாக அந்த நேரத்தில் வெளியே மேளம் கேட்டது.

அலுவலர் தலையாட்டினார். "பின்னணி இசைகூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. நல்லாருக்கும்மா."

நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை.

வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கிடா மீசை. பின்னால் தட்டுத் தட்டாகச் சீர்: பழம், பூ, பட்டுப்பாவாடை, ஒரு தட்டில் தங்கத் தோடு. அதற்குப் பின்னால் காது குத்துகிற ஆசாரி, நிஜமான ஆசாரி. கடைசியாகக் கழுத்தில் மாலையோடு ஓர் ஆடு. அவர் நேராகத் தருண் முன்னால் போய் நின்றார்.

"டேய், எழுந்துர்றா! எவன்டா நீ?"

தருண் இமைக்கவில்லை. "நான் தாய்மாமன்!" என்றான்.

"இன்னாது?"

"இந்த மடி என் மடி! என் உரிமையை எவனுக்கும் விட்டுத் தரமாட்டேன்!"

அலுவலர் கைதட்டினார்.  நான் மெல்லக் கரும்பலகைப் பக்கமாக ஒதுங்கினேன்.

ஏழுமலை பின் வரிசைப் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள, ஃப்ளெக்ஸுல என் மூஞ்சி இல்லன்னு கோவிச்சிக்கினு போனேன். தப்புதான். அதுக்காக என் தங்கச்சி பொண்ணுக்கு மீச வரஞ்ச பையனப் புடிச்சி ஒக்கார வெப்பியா? நான் செத்தா பூட்டேன்?" கடைசி வார்த்தையில் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

முனுசாமி பதறிப்போய் ஓடிவந்தார். "யோவ் மச்சான், இது நாடகம்யா! ஸ்கூல் நாடகம்!"

ஏழுமலை அப்படியே நின்றார். தருணின் மை மீசையைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது. ஊரைக் கூட்டி மேளம் அடித்துக்கொண்டு வந்த மனிதரை நான் கோமாளி ஆக்கிவிட்டேன். அவர் தட்டு ஏந்தியவர்களிடம், "எடுங்கய்யா, போலாம்" என்றார். சீர் வாசல் தாண்டித் திரும்பிப் போனால் அந்த உறவு அத்தோடு முடிந்தது. அது டவுன்காரி எனக்கே தெரியும். 

செல்விதான் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்கண்ணே போற? நாடகம்னு எவன் சொன்னான்? ஆசாரி வந்துகிறாரு. சீரு வந்துகிது. நீ வந்துகிற. இதுல இன்னா நாடகம் கீது?"

"நீதான வீடியோ அனுப்ச்ச?"

"ஆமா, நாந்தான் அனுப்ச்சேன். நீ கூப்புடாம வரமாட்ட. இவரு கூப்புட மாட்டாரு. எம் பொண்ணு கெழவி ஆவறவரைக்கும் காது மூளியா இருக்கணுமா?" பிறகு என்னைக் காட்டி, "டீச்சர்தான் தாராளமா அனுப்பச் சொன்னாங்க" என்றார்.

அடிப்பாவி! இயக்குநர் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வியின் நாடகத்தில் எனக்கு ஒரு சின்ன வேஷம், அவ்வளவுதான்.

 முனுசாமி போய்த் தட்டு ஏந்தியவரிடமிருந்து தோட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். "வா மச்சான், நேரம் ஆவுது" என்றார்.  தருண் மட்டும் இன்னும் சம்மணத்திலேயே இருந்து, "மிஸ், வசனம் முடிஞ்சிபோச்சி. எழுந்துக்கவா?" என்று கேட்டான்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள காதெல்லாம் குத்தக்கூடாதுப்பா, என் வேலை போய்டும்!" என்று தலைமையாசிரியர் அலறியதால், கூட்டம் எதிரே பிள்ளையார் கோயிலுக்கு நகர்ந்தது. அலுவலரும் கூடவே வந்தார். "வகுப்பறைக்கு வெளியே கற்றல்! பிரமாதம். அந்த மாமா வேஷக்காரரை எங்கம்மா பிடிச்சீங்க?" என்று வழியெல்லாம் பாராட்டினார். ஏழுமலை மடியில் ரித்திகா உட்கார்ந்தாள். ஆசாரி முதல் காதில் குத்தினார். அவள் போட்ட அலறலில் அரசமரத்துக் காக்கை எல்லாம் பறந்தன. "அழுகை ரொம்ப இயல்பு" என்று எழுதப்போன அலுவலர், இரண்டாவது காதுக்கு ஆசாரி குனிந்தபோதுதான் பேனாவை மூடினார்.

திரும்பி வந்து பார்த்தால், யாரும் கவனிக்காத நேரத்தில் ஆடு வகுப்பறையில் என் சார்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. 'பண்பாடும்' முழுக்கப் போய்விட்டது. 'குடும்ப' மட்டும் மிச்சம்.

அலுவலர் கிளம்பும்போது என்னிடம், "கதையை வாழ்க்கையோட இணைச்சீங்க, சரி. இனிமே உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுனா போதும்" என்றார். அன்றிலிருந்து உட்கார்ந்துதான் வாசிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு முனுசாமி வீட்டில் விருந்து. (மெனுவில் என் சார்ட்டைத் தின்றவரும் இருந்தார். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.) வாசலில் புது ஃப்ளெக்ஸ். கதவு அகலத்துக்கு ஏழுமலை. கீழே ஓரத்தில், மாமல்லபுரத்தில் கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த என் வாட்ஸ்அப் படம். அதன் கீழே 'விழா இயக்குநர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் படமும் தருண் பேசிய வசனமும் என் மாமியார் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தன. அன்று முதல் எங்கள் உறவில் நான் எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும் ஒரே கேள்விதான்: "நெஜமா, நாடகமா?"

போன ஆவணியில் என் மகளுக்கே காதுகுத்து. சென்னையிலிருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டால் அவனும், "அக்கா, நெஜமா, நாடகமா? ஆபீஸ்ல லீவு சொல்லணும், அதான் கேக்கறேன்" என்றான். விசேஷத்தன்று பார்த்து அவனுக்குத் தாமதம். நல்ல நேரம் நெருங்குகிறது, அவன் பஸ் செங்கல்பட்டைத் தாண்டவில்லை. அப்போது வாசலில் மேளம் கேட்டது. வெளியே ஓடினால் அதே டிராக்டர், அதே மீசை, தட்டுத் தட்டாகச் சீர்.

"தம்பி வந்துகினு கீறாரா டீச்சர்? வரட்டும், வரட்டும். லேட்டாச்சின்னா நான் மடி குடுக்கறேன், நீங்க பேஜாராவாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஏழுமலை துண்டை உதறி மனையில் உட்கார்ந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டு, "டேய், உன் இடத்துல வேற தாய்மாமன் வந்து உக்காந்தாச்சு" என்றேன்.

செங்கல்பட்டில் இறங்கிக் கார் பிடித்து வந்தான் மகராசன். சட்டையெல்லாம் வேர்வை. உள்ளே நுழைந்தவன் மனையில் இருப்பவரைப் பார்த்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினான்: "இந்த மடி என் மடி! என் உரிமையை எவனுக்கும் விட்டுத் தரமாட்டேன்!"

ஏழுமலை சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டார்.

"இன்னா டீச்சர்," என்றார் என்னைப் பார்த்து, "இவருக்கும் நீங்கதான் வசனம் சொல்லிக் குடுத்தீங்களா?"