வெப்ராளமா ஒரு ரோலர்

இன்னைக்குக் காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். ரப்பர் ஷீட் அடிக்கிற பழைய ரோலர் ஒண்ணு வாங்கணும்.

எங்க ரோலர் நேத்து பல்சக்கரம் உடைஞ்சு படுத்துட்டு. ஆசிட் ஊத்தி உறைய வச்ச ரப்பர் பாலெல்லாம் டிஷ்ல கெடந்து நாறுது. இன்னைக்குள்ள ஷீட்டா அடிக்கலேன்னா அவ்வளவுதான். அடிமாட்டு விலைக்கு, கழிவு ரப்பர் மாதிரி, ஒட்டுப்பால்னு தூக்கிக் கொடுக்கணும்.

பக்கத்து வீட்டுல ரோலர் இருக்கு. கேக்கலாம்தான். ஆனா எல்லைக்கல் விஷயத்துல நான் பேசின பேச்சுக்கு அந்த மனுஷன் ரோலர் தரமாட்டான், என் கையைப் பிடிச்சு ரோலருக்குள்ள விடுவான். அடுத்த வீடு? அங்கேயும் சண்டை. அதுக்கு அடுத்த வீடு என் மச்சினன். அதைப் பத்திக் கேக்காதீங்க.

கீரிப்பாறைப் பக்கம் ஒருத்தன்கிட்ட விலைக்கு இருக்குன்னு தகவல் வந்துது. குட்டியானை வண்டி ஒண்ணைப் பிடிச்சேன். கயிறும் பலகையும் ஏத்தினேன். கூடவே என் வீட்டுக்காரி கலாவும் ஏறிட்டா.

"நீ எங்கட்டி வாற?"

"எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு. வெளிய வந்தாதான் வாக்கியம் கிடைக்கும்."

கலா ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கா. பெங்களூர்ல இருக்க எங்க பய ஒரு வடநாட்டுப் பொண்ணைப் பாத்து வச்சிருக்கான். 'வாற மருமவ முன்னால நான் ஊமை மாதிரி நிக்கணுமா?'ன்னு இவ தக்கலையில போய் பைசா கெட்டிச் சேந்துட்டா. அந்தப் பைசாவுக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தமிழ் வாத்தியார் வச்சிருக்கலாம். யாரு கேக்கா?

டீச்சர்கிட்ட இருந்து இன்னைக்கு வந்த வார்த்தை 'டெஸ்பரேட்லி'. அதை வச்சு அஞ்சு வாக்கியம் சொல்லணும். எல்லாம் சொந்த வாழ்க்கையில நடந்ததா இருக்கணும். இங்கிலீஷ்ல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கா பேசி, மத்தியானத்துக்குள்ள வாட்ஸாப் குரூப்புல போடணும்.

"அப்படின்னா என்னட்டி அர்த்தம்?"

"ஒண்ணு கிடைச்சே ஆகணும்னு கெடந்து துடிக்கது. ஆசையும் அவசரமும் சேந்தது."

"வெப்ராளம்னு சொல்லு."

"அதேதான்! வெப்ராளமா!"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தனா?

"கேட்டுக்கோ. யாவாரத்துல அந்த வார்த்தைக்கு இடமே கிடையாது. நமக்கு வேணும்ங்கது மூஞ்சியில தெரிஞ்சா விலை ஏறிரும். பிடிச்ச சாமானைச் செத்த எலியைப் பாக்க மாதிரி பாக்கணும். நான் பள்ளிக்கூடத்துலயா படிச்சேன்? சந்தையில ஏமாந்து ஏமாந்து படிச்சதாக்கும்."

என்ன ஒரு பேச்சு! இப்போ நினைச்சா என்னை நானே அறையலாம் போல இருக்கு.

வண்டியைப் பாத்தாலும் விலை ஏறிரும்லா. அதனால வளைவுலயே நிப்பாட்டி, டிரைவர்கிட்ட சொன்னேன்: "முடிஞ்ச உடனே நான் கேட்டுல வந்து நிப்பேன். அப்போ வண்டியைப் பின்னால எடுத்துட்டு வா. அதுவரைக்கும் நீ யாரோ, நான் யாரோ." கலா போனைத் தூக்கிட்டு என் பின்னாலயே வந்தா.

விக்கிறவன் பேரு ராஜமணி. கிழிஞ்ச கைலி, தோள்ல துண்டு, கையில பால் வெட்டுற கத்தி. பாத்த உடனே முடிவு பண்ணிட்டேன், இவன் ஏமாளி.

"சும்மா இந்த வழியா வந்தேன். ரோலர் கெடக்குன்னு சொன்னாவ."

"பாருங்க அண்ணாச்சி. வேணும்னா எடுங்க."

"எனக்கெதுக்கு வேய்? எங்க ரோலர் கல்லு மாதிரி இருக்கு. இதை எடைக்குப் போடலாமான்னு பாக்கேன்."

காலால ஒரு தட்டு தட்டினேன். நல்ல சாமான். உள்ளுக்குள்ள குதிச்சேன். வெளிய மூக்கைச் சுளிச்சேன்.

"இதுல இரும்பு எங்க இருக்கு? துருவுக்கா இவ்வளவு பைசா கேக்கீரு?"

அவன் சொன்னதுல பாதி கேட்டேன். கொஞ்சம் இறங்கினான். நான் கொட்டாவி விட்டேன். இன்னும் இறங்கினான். கடைசியில தலையைச் சொறிஞ்சுட்டு, "செரி, கொண்டு..."ன்னு வாயைத் திறந்தான்.

பிலாமரத்துக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம்.

"சென்டன்ஸ் நம்பர் ஒன்! மை ஹஸ்பண்ட் டெஸ்பரேட்லி நீட்ஸ் எ ரோலர்!"

போச்சு, காரியத்தைக் கெடுத்துட்டா! அப்புறம் யோசிச்சேன். இங்கிலீஷ்தானே? இந்தக் கிழிஞ்ச கைலிக்கு என்ன விளங்கும்?

"என் வீட்டுக்காரருக்கு வெப்ராளமா ஒரு ரோலர் தேவைப்படுது!"

இருமினேன். ஆஸ்பத்திரியில சேக்க மாதிரி இருமினேன். அவ காதுல விழணுமே!

"நம்பர் டூ! ஓல்டு ரோலர் டெஸ்பரேட்லி புரோக்கன்! எங்க பழைய ரோலர் வெப்ராளமா உடைஞ்சு போச்சு! நம்பர் த்ரீ! ரப்பர் மில்க் டெஸ்பரேட்லி ஸ்மெல்லிங்! ரப்பர் பால் வெப்ராளமா நாறுது! நம்பர் ஃபோர்! நோ நெய்பர் டெஸ்பரேட்லி லைக்ஸ் மை ஹஸ்பண்ட்! அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் எங்க வீட்டுக்காரரை வெப்ராளமா பிடிக்காது!"

ராஜமணி கத்தியைக் கீழ வச்சான்.

"தங்கச்சி! அந்த ரெண்டாவதும் மூணாவதும் தப்பு. ரோலருக்கும் பாலுக்கும் என்ன ஆசை, என்ன அவசரம்? தவிக்கது மனுஷன்லா? முதல்ல சொன்னீங்களே, அது நூத்துக்கு நூறு சரி."

"ஐயோ! அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"மஸ்கட்ல பதினெட்டு வருஷம் கம்பெனிக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கதுதான் என் வேல. பேரம் பேசிப் பேசித் தொண்டை போயிட்டு."

என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, முதல்ல சொன்ன விலைதான். ஒரு ரூவா குறையாது."

எனக்குக் கோவம் வந்துட்டு. "வச்சுப் பூஜை பண்ணும் வேய் உம்ம ரோலரை!"

விறுவிறுன்னு நடந்தேன். இது கோவம் பாதி, தொழில் பாதி. நடந்தா, கேட்டைத் தொடுறதுக்குள்ள பின்னால இருந்து கூப்பிடுவாங்க. எப்பவும் கூப்பிடுவாங்க.

கூப்பிடல.

வேகத்தைக் குறைச்சேன். செருப்பைக் கழட்டி ஒரு உதறு உதறினேன். வேட்டியை அவுத்துத் திரும்பக் கெட்டினேன். கேட்டுலயே போய் நின்னாச்சு. உள்ள பாத்தா, ரெண்டு பேரும் நாலாவது வாக்கியத்தைத் திருத்திட்டு இருக்காவ. என்னைப் பத்தின வாக்கியம்!

அப்போ வளைவுல இருந்து ஒரு பாட்டுச் சத்தம். வண்டி ரிவர்ஸ்ல வருது!

நான் 'போ, போ'ன்னு கையை ஆட்டினேன். அவன் 'வா, வா'ன்னு நினைச்சு முற்றத்துக்கே கொண்டு வந்து நிப்பாட்டிட்டான். தோள்ல கயிறோட குதிச்சான்.

"முடிஞ்சுதா அண்ணாச்சி? பலகையைப் போடட்டா?"

ராஜமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே! "எடைக்குப் போடுறவருக்குக் கயிறு மட்டும் புத்தம்புதுசு!"

வேற என்ன செய்ய? வீட்டுல பால் நாறுது. அவன் கேட்டதை அப்படியே எண்ணிக் கொடுத்தேன். ஏமாளி ஏமாளின்னு சொன்னேன்லா, அங்க ஒரு ஏமாளி இருந்தது உண்மைதான். எந்தப் பக்கம் நின்னான்னுதான் தப்பாப் பாத்துட்டேன்.

திரும்பி வாற வழியில நான் ரோலரைப் பிடிச்சேன். கலா போனைப் பிடிச்சா.

"சென்டன்ஸ் நம்பர் ஃபைவ்! மை ஹஸ்பண்ட் ஆங்கரிலி வென்ட் அவுட், அண்ட் டெஸ்பரேட்லி கேம் பேக்! என் வீட்டுக்காரர் கோவமா வெளிய போனாரு, வெப்ராளமா திரும்பி வந்தாரு!"

ஷீட் அடிச்சு முடிக்கதுக்குள்ள டீச்சர்கிட்ட இருந்து பதில் வந்துட்டு. அஞ்சுலயும் அஞ்சாவதுதான் பிரமாதமாம், அந்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்துல அச்சு அசலா உக்காந்திருக்காம்.