வாய் மூடாத கரடியும் விண்ணப்பம் தின்ற யானைக்குட்டியும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அந்தக் கரடி நான்தான். ஆகவே இதைக் கேட்டுவிட்டுக் கரடி விடுகிறான் என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வேறு எதை விட முடியும்?

என் பெயர் மாசிலாமணி. நீதிக்கதைகளில் எங்கள் இனத்துக்கு அவ்வளவாக வேலை கிடையாது. நரிக்குத் தந்திரம், சிங்கத்துக்குப் பதவி, முயலுக்குப் புத்தி என்று எல்லாவற்றையும் முன்பே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கேட்பாரில்லாமல் கிடந்தது அறிவுரை ஒன்றுதான். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

என் மகள் தேனருவிக்கு நாலு வயது முடிந்த அன்றே நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். தும்மினால் முகத்தை மூடிக்கொள். யாரையாவது மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேள். பழம் தின்றால் கொட்டையை அடுத்தவர் வளைக்குள் துப்பாதே. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்கிக்கொண்டு நில். இந்தக் கடைசி விதிக்கு நான் அத்தனை அழுத்தம் கொடுத்ததற்குக் காரணம், எங்கள் வீட்டில் பேசுகிறவன் நான் ஒருவன்தான்.

குழந்தை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. நான் தும்மினால் மூன்று மரத்துக் கிளிகள் இடம் மாறும். பக்கத்து வளையில் நான் துப்பிய நாவல் கொட்டை குவிந்து கிடக்கும். ஆனால் விதிகள் குழந்தைகளுக்குத்தானே.

அப்போது நாங்கள் ஒரு பட்டுப்போன மரத்தின் வேருக்கடியில் குடியிருந்தோம். மழை வந்தால் முதலில் உள்ளே வருவது தண்ணீர்தான். என் மனைவி செவ்வந்தி சுரைக்குடுக்கையால் இறைத்து இறைத்துத் தோள் வீங்கிப் போனாள். போன மழையில் தேனருவி படுத்த இடத்திலிருந்து மிதந்துபோய் வாசலில் தட்டி நின்றாள். எழுப்பியதும், "மன்னிச்சுக்கங்க அப்பா, தூங்கிட்டே வந்துட்டேன்" என்றாள்.

மலை மேல் காலியாக இருக்கும் குகைகளைக் குடும்பங்களுக்கு ஒதுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். ஆமை கையெழுத்துப் போட வேண்டும். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துசேர அவருக்கு இருபத்திரண்டு நாள் ஆயிற்று. பச்சோந்தி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துக்கு ஒரு நிறத்தில் போட்டார். எல்லாம் சேர்ந்தபோது கடைசி நாளும் வந்துவிட்டது. நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம்தான்.

கிளம்பும்போது செவ்வந்தி சொன்னாள். "போனோமா, கொடுத்தோமா, வந்தோமான்னு இருங்க. அங்க போய் உங்க பேச்சை ஆரம்பிச்சிடாதீங்க."

"நான் என்ன அவ்வளவா பேசுறேன்?" என்று கேட்டு, அதை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வானம் கறுத்திருந்தது.

அலுவலகத்தில் எனக்கு டோக்கன் நாற்பத்தொன்று. நானும் தேனருவியும் வரிசையில் நின்றோம். ஒரு காட்டுப்பன்றி இடித்துக்கொண்டு முன்னால் நுழைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தேனருவி, "பரவாயில்லைங்க மாமா, நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "யாரு பெத்த பிள்ளைப்பா இது!" என்றது ஒரு நீலகிரிக் குரங்கு, அப்படியே எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு. அதன் பிறகு இரண்டு மான்களும் ஒரு கீரியும் எங்களைப் பாராட்டிவிட்டு முன்னால் போயின. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வரிசை நகரவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்களைக் கூப்பிட்டபோது மணி மூன்றரை.

குகை ஒதுக்கீட்டு அதிகாரி ஒரு யானை. மதங்கவல்லி மேடம் என்று சொல்வார்கள். பக்கத்து மேசையில் எழுத்தர் மரங்கொத்தி டக் டக்கென்று முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மேடம் தன் மகன் வேழனையும் அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தார். அவன் தும்பிக்கையால் மைக்கூட்டை உறிஞ்சிச் சுவரில் பீச்சிக்கொண்டிருந்தான்.

"வேழா, வேண்டாம்டா கண்ணா" என்றார் மேடம். வேழன் இன்னொரு சுவருக்குப் போனான்.

தேனருவி கைகூப்பினாள். "வணக்கங்க மேடம். உள்ள வரலாங்களா?"

மேடத்தின் காதுகள் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. "அடடா! என்னம்மா இது! எப்படிங்க இப்படி வளர்த்தீங்க? இவன் ஒரு நாள்கூட யாருக்கும் நன்றி சொன்னதில்லை. எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்."

என்னிடம் அப்படிக் கேட்கலாமா? விண்ணப்பத்தை மேசை ஓரத்தில் வைத்தேன். தொண்டையைச் செருமினேன். "மேடம், இதுல அஞ்சு விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

இரண்டாவது விஷயத்தில் இருக்கும்போது தேனருவி கையைத் தூக்கினாள்.

"பாத்தீங்களா மேடம்? குறுக்கே பேச மாட்டா. கையைத் தூக்கிட்டு நிப்பா."

"அருமை!" என்றார் மேடம்.

மூன்றாவது விஷயத்தில் அவள் இரண்டு கையையும் தூக்கினாள். நான் அவள் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு கதை சொன்னேன். நாலாவதில் அவள் குதிகாலை உயர்த்தி நின்றாள். கண்ணில் நீர் தளும்பியது. "அப்பா..." என்றாள் மெதுவாக.

"பெரியவங்க பேசும்போது?" என்றேன்.

"குறுக்கே பேசக் கூடாது" என்றாள், விம்மிக்கொண்டே.

மேடம் கைதட்ட முடியாததால் மேசையைத் தட்டினார். நான் ஐந்தாவது விஷயத்தை நிதானமாக முடித்துவிட்டு, "இப்ப சொல்லும்மா" என்றேன்.

"நன்றிங்க அப்பா. நம்ம விண்ணப்பத்தை அந்தத் தம்பி சாப்பிட்டுட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டாவது பக்கத்தின் மூலை ஒன்று வேழன் உதட்டில் ஒட்டியிருந்தது. ஆமையின் கையெழுத்து. அதுவும் உள்ளே போயிற்று.

"எப்பம்மா?"

"நீங்க ரெண்டாவது விஷயம் சொல்றப்ப ஆரம்பிச்சாங்க."

மணி நாலாக ஐந்து நிமிடம். வெளியே முதல் இடி இடித்தது. நான் கத்தியிருக்க வேண்டும். கரடியாகக் கத்துவது எனக்கு இயல்பாகவே வரும். ஆனால் அரை மணி நேரமாகப் பண்பைப் பற்றிப் பேசிய வாய் அது. "பரவாயில்லைங்க மேடம், குழந்தைதானே" என்றுதான் வந்தது. சொன்னதும் செவ்வந்தியின் வீங்கிய தோள் ஞாபகம் வந்தது.

"பெரிய மனசு உங்களுக்கு" என்றார் மேடம். "அடுத்த வருஷம் மறக்காம போடுங்க."

தேனருவி மறுபடி கையைத் தூக்கினாள். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. "மேடம், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு கண்ணு."

"விண்ணப்பத்தை நாலு மணிக்குள்ள இந்த அறைக்குள்ள குடுக்கணும். அவ்வளவுதாங்களே?"

"ஆமா."

"நாங்க குடுத்துட்டோங்க. தம்பி வாங்கிட்டாங்க. இன்னும் இந்த அறைக்குள்ளதான் இருக்குங்க."

மேடம் மரங்கொத்தியைப் பார்த்தார். மரங்கொத்தி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விண்ணப்பம் மடிக்கப்படக் கூடாது என்று இருந்தது. கிழிக்கப்படக் கூடாது என்று இருந்தது. விழுங்கப்படக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பறந்துபோய் வேழனின் வயிற்றில் உட்கார்ந்தார், டக் என்று குத்தினார். 'பெறப்பட்டது.' வேழனுக்குக் கூச்சம் தாங்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தான்.

நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனோம். நடந்ததை நான் செவ்வந்தியிடம் விரிவாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க பேசிப் போனது, அவ பேசி வந்துச்சு" என்றாள். நான் சுரைக்குடுக்கையை வாங்கித் தண்ணீர் இறைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மாலை அது ஒன்றுதான்.

பட்டியலில் எங்கள் பெயர் வந்தது. கிழக்குப் பார்த்த குகை. ஒரு சொட்டு ஒழுகாது.

கதை இத்துடன் நின்றிருந்தால் குழந்தைகளுக்குச் சொல்லலாம். ஆனால் காட்டில் செய்தி பரவிவிட்டது. அடுத்த வருஷம் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து மேடத்தின் மேசை முன்னால் யாரும் நிற்கவில்லை. வேழன் முன்னால்தான் வரிசை. "தம்பிக்கு வணக்கம் சொல்லு, காலைத் தொட்டுக் கும்பிடு" என்று பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள் பெற்றோர்கள். வெறும் தாள் அவனுக்கு அலுத்துப்போனதும் விண்ணப்பத்தில் தேன் தடவிக் கொண்டுவந்தார்கள். தேனுக்கு எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். நான் கரடி.

தேன் தடவிய மூன்றாம் நாள், வேழன் ஒரு விண்ணப்பத்தை விழுங்கிவிட்டு, "நன்றி, இன்னொண்ணு" என்றான். மேடம் அழுதேவிட்டார். எல்லாம் என் ஐந்து விஷயங்களால் வந்தது என்று ஊரைக் கூட்டி எனக்கு விழா எடுத்தார். 'பண்பு வளர்த்த பெருந்தகை' என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் ஒலிபெருக்கியைப் பிடித்ததும் செவ்வந்தியும் தேனருவியும் எழுந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, யார் காலையும் மிதிக்காமல், புதுக் குகைக்குத் தூங்கப் போய்விட்டார்கள்.

நீதி: பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுங்கள். கேட்டு நடக்கிற பிள்ளை வரிசையில் நிற்கும். கேட்காத பிள்ளையின் முன்னால் வரிசை நிற்கும். சொல்லிக்கொடுத்தவருக்கு எப்படியும் ஒரு பொன்னாடை உண்டு.