கழுதைக்குப் பின்னால் போன சம்மனசு

தோட்டவெளி, மன்னார்.

அன்புத் தங்கச்சி மதுஷிகாவுக்கு அண்ணன் அன்ரனி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நண்டு கடித்த வலையைத் தவிர. அடம்பனில் நீயும் உன் பாலர் பாடசாலைப் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இடையில் சிரித்துக் கெடுத்துவிடுவாய்.

கோயில் திருநாள் ஊர்வலத்தில் நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள் டினோஜாவுக்குச் சம்மனசு உடுப்புப் போட்டு, இறகு கட்டி, பூத்தட்டைக் கையில் கொடுத்து, சொரூபத்துக்கு முன்னால் நேரே போ, பிராக்குப் பார்க்காதே என்று உன் அண்ணி படித்துப் படித்துச் சொன்னாள். சந்தியில் ஒரு கழுதை குட்டியோடு நின்றது. மன்னாரில் கழுதை நிற்பது ஒரு புதினமா? எங்கள் சம்மனசுக்குப் புதினம். கழுதை கடற்கரைப் பக்கம் திரும்ப இவளும் திரும்பினாள், முன்னுக்குப் போகிறவளைப் பார்த்தே நட என்று பழக்கப்பட்ட மற்றச் சம்மனசுகளும் திரும்பின, அவர்களுக்குப் பின்னால் பாண்ட் வாத்தியமும் திரும்பியது, சொரூபமும் பங்குச் சுவாமியாரும் சந்தியில் தனியே நின்றார்கள்.

அதோடு என் பொறுமை போயிற்று. சின்ன வயது தொடங்கி இதே கதைதான். இரண்டு செருப்போடு பள்ளிக்கூடம் போய் ஒன்றோடு வருவாள், ரீச்சர் கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்வாள், நாங்கள் கூப்பிட்டால் காது கேளாது, கணக்குக் கொப்பியில் பாதிக்குக் கணக்கும் மீதிக்கு நண்டுப் படமும் இருக்கும். கண்ணூறு கழித்தோம், நேர்த்தி வைத்தோம். கடைசியில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டால் திருந்துவாள் என்று றங்குப் பெட்டியும் வாங்கிவிட்டேன். பெட்டியைக் கண்ட நாள் தொடங்கி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் நீ சொன்னாய், "அண்ணா, இது குழப்படி இல்லை. விடுதியிலை விடமுதல் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று. படிப்பிக்கிறவளுக்கு எல்லாப் பிள்ளையும் நோயாளிதான் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கூட்டிப் போனேன். வீட்டிலும் இப்படியா, பள்ளிக்கூடத்திலும் இப்படியா என்று டொக்டர் துருவித் துருவிக் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா என்றும் கேட்டார். எங்கள் பக்கம் எல்லோரும் நிதானமான ஆட்கள் என்று அடித்துச் சொன்னேன். உன் அண்ணி ஏனோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சில தடவைகள் கூப்பிட்டுப் பார்த்து, ரீச்சரிடமும் விசாரித்த பிறகுதான் அவர் பெயரைச் சொன்னார். ஏடிஎச்டியாம். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது. பிடிவாதமும் இல்லை, எங்கள் வளர்ப்பின் பிழையும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள், செய்ததைப் பாராட்டுங்கள் என்றார்.

கதிரையில் சுற்றிக்கொண்டிருந்த டினோஜா சட்டென்று நின்றாள். "அப்ப நான் கூடாத பிள்ளை இல்லையோ?" என்று டொக்டரைக் கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது தங்கச்சி. பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டிருந்தது பெற்ற எனக்குத் தெரியவில்லை, உன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குக் கோடி புண்ணியம்.

முக்கியமான செய்தி இனித்தான் இருக்கிறது. அதற்குள் பக்கத்து வீட்டு லோறன்ஸ் படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருகிறான், என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எஞ்சின் சரி, பிளக்தான் பிழை. பெரிய பாரை மீன் ஒன்று கருவாடாகக் காய்கிறது, உனக்குத்தான். மாதா உன்னை என்றும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்
அன்ரனி

பி.கு.: ஒட்டிய கடிதத்தை உன் அண்ணி பிரித்து, எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். முக்கியமான செய்தியை நான் எழுதவே இல்லையாம். டினோஜாவை விடுதிக்கு அனுப்பவில்லை. அவள் எங்களோடுதான் இருப்பாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள், அடுத்த கிளினிக்குக்கு அப்பாவுக்கும் ஒரு நம்பர் துண்டு எடுப்போம் என்று தாயிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்பிடாதேங்கோ அப்பா, டொக்டர் ஏசமாட்டார்."