வெள்ளிக்கிழமை ஒத்திகை

நான் பந்தயத்தில் ஜெயித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பத்து! அப்புறம் யாராவது ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாங்கள் இருப்பது வெளிநாட்டில். லிப்ட் பழுது பார்ப்பது என் வேலை. இந்த நகரத்துக் கட்டடங்களில் பாதிக்கு மேல் ஏறி இறங்கியாயிற்று. நான் வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் என் மனைவி வந்து சேர்ந்தாள். வந்த ஆறாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போர்வைக்குள் இருந்தபோது கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, இந்த ஊர்ல எத்தனை ஓட்டல் இருக்கும்?"

"ஆயிரம் இருக்கும். எனக்கு எல்லாம் அத்துப்படி."

"அதுல எத்தனைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?"

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் அதை உருவிவிட்டாள். எழுந்து உட்கார்ந்து சபதம் செய்தேன்.

"இனிமே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மதியம் ஒரு புது ஓட்டல். பத்து வாரம். நான் சொல்ற ஓட்டல், நான் சொல்ற சாப்பாடு. எதுலயும் நீ குறை சொல்ல முடியாது. ஒண்ணுகூடத் தப்பாது."

"தப்பினா?"

"தப்பாதுங்கறேன்!"

"தப்பினா, ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது. ஆயுசுக்கும்."

"தப்பலேன்னா?"

"ஞாயித்துக்கிழமை நீங்க அடுப்புப் பக்கமே வர வேண்டாம். கேக்கவே மாட்டேன். சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என் உயிர். அதைப் பந்தயம் வைத்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஏனென்றால், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் இந்த ஊரில் ஒரு ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை. லிப்டுக்குள்ளேயே உட்கார்ந்து ரொட்டி தின்று காலம் தள்ளியவன். ஊர் பாஷையில் எனக்குத் தெரிந்தது நாலே நாலு: வணக்கம், நன்றி, பட்டனை அமுக்காதே, படியில் ஏறிப் போ. எழுத்து சுத்தமாகத் தெரியாது.

ஆனால் மூளை இருக்கிறதே! மேல்வீட்டில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார். பஸ் ஓட்டுகிறவர். ஊர் முழுக்கச் சுற்றுகிறவருக்குத் தெரியாத ஓட்டலா? மாடிப்படியில் மடக்கிப் பிடித்தேன்.

"வாரா வாரம் ஒரு நல்ல ஓட்டல் சொல்லுங்க. வெளியில மூச்சு விடக்கூடாது."

"எனக்கென்னங்க, வியாழக்கிழமை சொல்லிடுறேன்" என்றார். அவரும் கல்யாணமானவர். கஷ்டம் தெரிந்தவர்.

அங்கேதான் என் திட்டத்தின் உயிர்நாடி. வியாழக்கிழமை விலாசம் வாங்குவேன். வெள்ளிக்கிழமை மதியம், வேலைக்கு நடுவில், தன்னந்தனியாக அந்த ஓட்டலுக்குப் போய் ஒத்திகை பார்ப்பேன். பக்கத்து மேஜையில் எது வாசனையாக இருக்கிறதோ அதைக் கை காட்டி வாங்கிச் சாப்பிட்டு, பரிமாறுகிறவரிடம் அதன் பெயரைச் சைகையால் கேட்டு உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொள்வேன். சனிக்கிழமை மனைவியோடு போய், காலை நீட்டி உட்கார்ந்து, மெனு அட்டையைத் தொடாமலே ஆர்டர் கொடுப்பேன். விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும் என் தோரணை.

முதல் வாரமே அவள் அசந்துபோனாள்.

"அட்டையைப் பாக்கவே இல்லையே!"

"இதெல்லாம் அனுபவம்மா."

மூன்றாவது வாரம் கொஞ்சம் சறுக்கியது. இந்த ஓட்டலுக்கு நானும் முதல் தடவைதான் என்று நுழையும்போதே அளந்திருந்தேன். கை கழுவ எழுந்தவன், சமையலறைக்குப் பின்னால் திரும்பி, திரைக்குள் புகுந்து, நேரே குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கன்னத்தில் கை வைத்துக் காத்திருக்கிறாள்.

"இங்க முதல் தடவைன்னுதானே சொன்னீங்க?"

"லிப்ட்காரன் கண்ணுடி இது. கட்டடத்தைப் பாத்தாலே குழாய் எங்கே போகுதுன்னு தெரியும்."

"அப்பா! கெட்டிக்காரர்தான் நீங்க" என்றாள். எனக்குச் சட்டை இறுகியது. பெருமையால் பாதி, ஒரே சாப்பாட்டை வாரத்துக்கு இரண்டு தடவை சாப்பிட்டதால் மீதி.

ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பதாவது வாரம் விரலைச் சூப்பியபடியே, "குறையே சொல்ல முடியலைங்க" என்று ஒப்புக்கொண்டாள். இன்னும் ஒன்றே ஒன்று. நான் அப்போதே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புதுப் போர்வை வாங்கிவிட்டேன்.

பத்தாவது வியாழன், மேல்வீட்டுக்காரர் காதோடு காதாகச் சொன்னார்: "பாலத்துக்குப் பக்கத்துல, பச்சைக் கதவு. மீன் வாங்குங்க." வெள்ளிக்கிழமை போனேன். அடடா, அந்த மீன்! வாயில் வைத்தால் கரைந்தது. ஜெயித்தாயிற்று என்று விசில் அடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு புறப்பட்டேன். பச்சைக் கதவுக்கு முன்னால் ஒரு பலகை சாத்தியிருந்தது. நேற்று அது இல்லை. மனைவி நின்றாள்.

"என்ன எழுதியிருக்குங்க?"

"இன்னைக்கு மீன் விசேஷம்னு போட்டிருக்கு."

"அப்படியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

உள்ளே போனதும் பரிமாறுகிறவர் ஓடி வந்தார். மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டார். பெரிய மனுஷனுக்கு மரியாதை போல என்று நானும் வயிற்றை எக்கி நின்றேன். கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓர் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு மீன், நாலு வெங்காயம், ஒரு கத்தி. வரிசையாகப் பத்து அடுப்பு, ஒவ்வொன்றிலும் யாரோ வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி இது!"

"வாசல்லயே எழுதியிருந்ததே. சனிக்கிழமை சமையல்காரருக்கு லீவு. ஜோடியா வந்தா ஒருத்தர் சமைக்கணும், ஒருத்தர் சாப்பிடணும்."

"மேல்வீட்டுக்காரர் இதைச் சொல்லவே இல்லையே!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சம்சாரம் சொன்னாத்தானே. நான்தான் இதை மட்டும் சொல்லாதீங்கக்கான்னு சொல்லி வச்சேன்."

"அப்போ மத்த ஒம்பது ஓட்டல்?"

"புதன்கிழமை நானும் அக்காவும் பாஷை வகுப்புக்குப் போறோமில்ல? முடிஞ்சதும் பசிக்காதா? எது நல்லாயிருந்துச்சோ அதை உங்களுக்கு அனுப்பி வச்சோம்."

நான் ஒத்திகை பார்த்த நாடகத்துக்கு இவள் புதன்கிழமையே ஒத்திகை பார்த்திருக்கிறாள்!

"இது செல்லாது! கிளம்பு, போகலாம்."

"போகலாமே. பத்தாவது தப்பிடுச்சுன்னு எழுதிக்கவா?"

விடுவேனா? கத்தியை எடுத்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். ஆனால் பன்னிரண்டு வருஷம் சமையலறை வாசலில் நின்று, 'வெங்காயம் சிவக்கலை, உப்பு தூக்கல், தீயைக் குறை' என்று குறை சொன்னவன் ஆயிற்றே! என் வாயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வெங்காயம் சிவந்தது. தீ குறைந்தது. மீன் அப்படியே உடையாமல் தட்டுக்கு வந்தது. பரிமாறுகிறவர் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கட்டை விரலை உயர்த்தினார்.

மனைவி ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். முள்ளை மட்டும் மிச்சம் வைத்தாள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

"பத்துலயும் இதுதாங்க பிரமாதம். ஒத்துக்கறேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க!"

ஏப்ரனோடு ஒரு குதி குதித்தேன். பக்கத்து அடுப்புக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் எழுந்து நின்று தட்டினாள்.

கொடுத்த வாக்கிலிருந்து அவள் இன்றுவரை இம்மி பிசகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் சமைப்பதில்லை.