நிலாவுக்கு அளவெடுத்த அரையிஞ்சு

நிலா இன்றுவரை பூமியை விட்டு ஓடிப்போகாததற்கு ஒரே காரணம் திண்டுக்கல் அரையிஞ்சுதான். விஞ்ஞான வாத்தியாரான நானே சொல்கிறேன், நம்புங்கள்.

அரையிஞ்சு ஒரு தையல்காரர். எதைத் தைத்தாலும், "அரையிஞ்சு கூட விட்ருக்கேன், கெடக்கட்டும்" என்பார். ஊர் அதையே பெயராக்கிவிட்டது. அவர் கடை மாடியில்தான் எனக்கு ஜாகை. நாற்பது தாண்டி, ஒருவழியாக வடமதுரையில் அவருக்குப் பெண் அமைந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் ஈஸ்டர் கழிந்த புதன் என்று சாமியார் நாள் குறித்தார்.

அந்த நேரம் பார்த்தா என் வாய் சும்மா இருக்காமல் போக வேண்டும்? நிலா வருஷத்துக்கு ஓரிரு இஞ்சு விலகிப் போகிறது என்று சொல்லிவிட்டேன். தையல் மிஷின் நின்றது.

"ரெண்டு இஞ்சா! அரையிஞ்சு தப்புனாலே அக்குளப் பிடிக்குமேப்பா! மொத்தமாப் போயிருச்சுன்னா?"

"கடல் ஏறி எறங்குறது கொறைஞ்சுரும்ணே."

"நம்மூர்ல ஏது கடலு? மேல சொல்லு."

"பூமி பம்பரமாத் தலையாட்டும். வெயிலு, மழையெல்லாம் தாறுமாறாயிரும்."

"இப்ப மட்டும் ஒழுங்காவா பெய்யுது?"

"பௌர்ணமி இருக்காது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அட கர்த்தரே! பௌர்ணமி கழிஞ்ச ஞாயித்துக்கெழமதான ஈஸ்டரு? பௌர்ணமி இல்லன்னா ஈஸ்டர் ஏது? ஈஸ்டர் இல்லன்னா தபசு முடியாது. தபசு முடியலன்னா என் கல்யாணம்?"

அதற்குக் கோடானுகோடி வருஷம் ஆகும் என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அன்று முதல் பொழுது சாய்ந்தால் மொட்டைமாடியில் டேப்பை நீட்டி நிலாவுக்கு அளவெடுப்பார். தேய்பிறை வந்ததும் மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

"மாசாமாசம் தேயுறதுதானண்ணே!"

"தேயுறது வேற, நழுவுறது வேற. தையக்காரன் கண்ணு ஏமாறாது, அப்பு."

புனித வாரத்தில் முழுநிலா எழும்பியது. டேப்பும் கையுமாகக் கோயிலுக்கு ஓடினார்.

"சாமி, வந்திருச்சு சாமி! ஒரு நூல் கொறையல!"

"யாருப்பா, பொண்ணா?" என்றார் சாமியார்.

கல்யாணத்தன்று சாமியார் "சம்மதமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார் அரையிஞ்சு.

சில வருஷம் கழித்து, மனிதன் நிலாவில் கால் வைத்த சேதி பேப்பரில் வந்தது. அரையிஞ்சு மூச்சிரைக்க மாடியேறி என்னிடம் வந்தார்.

"பாத்தியா அப்பு! மிதிச்சு கிதிச்சுத் தள்ளிவிட்ருவாய்ங்க போலயே!"

"தள்ளட்டும்ணே. ஒங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே."

"எனக்கு ஆயிருச்சுப்பா. ஒனக்கு ஆகலியே!"

அன்று சாயங்காலமும் டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். பெற்ற அப்பன்கூட எனக்காக அம்புட்டுக் கவலைப்பட்டதில்லை.