ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை

விடுதியின் மேல் அடுக்குக் கட்டிலில் எப்படியோ ஏறிவிட்ட கம்பிக்காரருக்கு இறங்க வழி தெரியவில்லை. வலது முட்டி மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கீழே நான்கு சீனக்காரர்கள் அண்ணாந்து பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முந்தின நாள்வரை அவருக்குக் கீழ்க் கட்டில்தான். அவர்களில் ஒல்லியானவன் வந்து ஏதோ கேட்டான். இவர் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். வேலை முடிந்து வந்து பார்த்தால் ஒல்லியின் பெட்டி கீழே, இவருடைய பெட்டி மேலே.

வெளிநாட்டில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை அவருக்கு; முட்டிக்காகத்தான் இந்த அறைக்கே வந்தார்.

"இன்னும் ஒரு வருஷம் ஏணியில கம்பி சுமந்தீங்கன்னா, அப்புறம் கால் உங்க பேச்சைக் கேக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் படிப்பு முடிய இரண்டு வருஷம் பாக்கி. அதுவரை ஊர் திரும்ப முடியாது. அந்த நேரத்தில்தான் அவர்களை வேலைக்கு ஏற்றிப்போகும் தமிழ் வேன் டிரைவர் சேதி கொண்டுவந்தார். கம்பெனியின் பெரிய கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் தேவையாம்.

"உக்காந்த இடத்துல வேலைண்ணே. ஆனா அங்க வர்றவன் பூரா சீனாக்காரன். பாஷை தெரியாம எப்படி?"

"கத்துக்க எத்தனை நாள் ஆகும்?"

"அவங்க ரூமுக்கே போயிடுங்க. அவங்ககூடவே சாப்பிட்டு, தூங்கி, எந்திரிங்க. மூணு மாசத்துல நீங்களே பாதி சீனாக்காரன்."

ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை என்று அவர் முடிவுகட்டினார். மூன்று மாதத்தில் நாலாயிரத்து ஐந்நூறு. தமிழிலேயே அவருக்கு அத்தனை வார்த்தை தேவைப்பட்டதில்லை.

முதல் வாரத்திலேயே ஐம்பது பத்தானது. அடுத்த வாரம் இரண்டு. மூன்றாம் வாரம், புதிதாக எதுவும் வேண்டாம், நேற்றைய வார்த்தை மறக்காமல் இருந்தால் போதும் என்றானது. அதுவும் மறந்தது.

தெரியாத இடத்திலெல்லாம் தலையை ஆட்டினார். கட்டில் போன பிறகு, சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். யார் என்றைக்குக் கழிப்பறை கழுவுவது என்ற பட்டியல் அது. ஏழு நாளுக்கும் ஒரே ஆளின் படம். அவர் பெயரை எழுதத் தெரியாததால், முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனை வரைந்திருந்தார்கள்.

இனி எதற்கும் "இல்லை" என்றே தலையசைப்பது என்று தீர்மானித்தார். மறுநாள் சீன மேற்பார்வையாளர் அவர் காலைக் காட்டி ஏதோ கேட்டார். இவர் பலமாகத் தலையசைத்தார். மதியம் ஏழாவது மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வலிக்குதான்னு கேட்டிருப்பாருண்ணே. இல்லைன்னுட்டீங்க" என்றார் டிரைவர்.

சரி, தலையே ஆட வேண்டாம், சிரிப்போம் என்று பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் முகம் பார்த்ததும் அலறினாள்.

"ஏங்க, முடி எங்க?"

"சிரிச்சேன். எடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏண்டி சிரிக்கிறேன்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நாலாயிரமும் வேணாம், நாப்பதும் வேணாம். 'எனக்குப் புரியல, மெதுவாச் சொல்லுங்க'ன்னு ஒண்ணே ஒண்ணு கத்துக்குங்க. வாயை வெச்சுக்கிட்டு ஏன் தலையை ஆட்டிட்டு இருக்கீங்க?"

டிரைவர் யாரிடமோ கேட்டு அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். முதல் தடவை சொன்னபோது நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒல்லி மட்டும் அவர் தாடையைப் பிடித்து, குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று காட்டினான். ஒரு வாரம் கழித்துச் சரியாக வந்தது. அன்றே மெதுவாகப் பேசினார்கள். அன்றே கீழ்க் கட்டிலும் திரும்பி வந்தது. அதன்பின் தினமும் ஒரு சாமானின் பெயர் கற்றார். சுத்தியல், குறடு, ஆணி என்று மூன்று மாதம் முடிகையில் முப்பத்தொரு வார்த்தை கையில் இருந்தது.

ஏணியில் இரண்டு முறை கால் நழுவிய வாரத்தில், இதற்கு மேல் தாங்காது என்று கிடங்கு ஆபீசுக்குப் போனார். சீன மேனேஜர் ஏதோ கேட்டார். இவர் தன் வாக்கியத்தைச் சொன்னார். மேனேஜர் மெதுவாகத் திருப்பிக் கேட்டார். அதுவும் புரியாததால் முப்பத்தொரு சாமானையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

மேனேஜர் வாய் பிளந்து, பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்தார். அவளுக்குத் தமிழ் தெரியும்.

"வேலைக்கு வர சம்மதமான்னுதாண்ணே கேக்கறாரு. சம்மதம்னா இந்தாங்க சாவி."

கம்பிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ என் சீனம் தேறிடுச்சாம்மா?"

"நல்லாத்தான் பேசறீங்க. ஆனா மூணு மாசமா ஆள் கிடைக்காம கிடங்கு பூட்டிக் கெடக்குதே, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"பாஷை கத்துக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"இந்த வேலைக்குத்தாம்மா."

அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"அண்ணே, உங்களுக்கு முன்னாடி அந்தக் கிடங்கு நாற்காலியில பதினோரு வருஷம் உக்காந்திருந்தவருக்குக் காதும் கேக்காது, வாயும் பேச வராது."